ராத்திரி இரண்டு மணிக்கு வேண்டிய பெலன்

ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வரும்போது நான் சபையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பதுண்டு. எழுந்து நிற்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான செய்தியோடுதான் நிற்கிறார்கள். கட்டி என்றார்கள், மறுபடி ஸ்கேன் எடுத்தால் ஒன்றுமில்லை. விசா வராது என்றார்கள், வந்துவிட்டது. பிள்ளையில்லாத வீட்டில் தொட்டில் ஆடுகிறது. கேட்டு நானும் மனமார அல்லேலூயா சொல்கிறேன். கர்த்தர் செய்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கண் என்னவோ எழுந்திருக்காதவர்கள் மேல்தான் போகிறது. வருஷக்கணக்காக ஒரே விண்ணப்பத்தை வைத்து, அது அப்படியே இருக்க, மறுபடியும் வந்து அதே பெஞ்சில் உட்காருகிறவர்கள். அவர்களிடம் சாட்சி இல்லை என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். எனக்கு வயது ஏற ஏற, தேவனுடைய வல்லமையை அன்றாடம் தொட்டுப் பார்த்தவர்கள் அவர்கள்தான் என்ற எண்ணம் உறுதிப்பட்டுக்கொண்டே வருகிறது.

என் தம்பி மகளை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவளுடைய மாமியார் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். கணவன் வளைகுடாவில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ராத்திரி ஒருக்களித்துப் படுக்கவைத்தால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபக்கம் திருப்ப வேண்டும். விட்டுவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். நனைந்த துணியை உருவிவிட்டு, உடம்பைத் துடைத்து ஈரம் ஒற்றி, புதுத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைக்க வேண்டும். கனத்த உடம்பு. இவள் ஒற்றை ஆள். பகலில் மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி, பொடித்த மாத்திரை, பிறகு பிள்ளைகளின் டிபன், துவைக்கிற துணி.

"பெரியப்பா, காலையில ஜெபத்துக்கு உக்காந்தா கண்ணு சொருகுது. என் விசுவாசம் போயிடுச்சோன்னு பயமா இருக்கு" என்றாள்.

"உன் விசுவாசம் எங்கயும் போகலை தாயி, உனக்குத் தூக்கம்தான் போயிருக்கு" என்றேன். சமாதானத்துக்காகச் சொன்ன வார்த்தை இல்லை அது. வேதத்தில் இருக்கிறது.

எலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கர்மேல் பர்வதத்தில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு முன்னால் ஒற்றை ஆளாக நின்று, வானத்திலிருந்து அக்கினி இறங்குவதைக் கண்டவர். அந்தச் சூடு ஆறுவதற்குள் யேசபேல் ஒரு மிரட்டல் அனுப்புகிறாள். உயிர் தப்ப ஓடி, பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறார். நம்மில் யாராவது அங்கே இருந்திருந்தால் விசுவாசக் குறைவு என்று பிரசங்கம் பண்ணியிருப்போம். கர்த்தர் என்ன செய்தார்? தூங்கவிட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பியபோது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். மறுபடியும் எழுப்பி, மறுபடியும் சாப்பாடு. ஒரு கண்டிப்பு இல்லை. நீ இங்கே என்ன செய்கிறாய் என்ற கேள்விகூட நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. கர்மேலில் அக்கினியாக இறங்கிய அதே வல்லமை இங்கே தூக்கமாகவும் அடையாகவும் வந்திருக்கிறது. முதலாவதை நாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே படித்துவிட்டோம். இரண்டாவதைப் பெரியவர்களான பிறகும் சரியாகப் படிக்கவில்லை.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னாவும் அப்படித்தான். ஆளுக்கு ஒரு ஓமர், அன்றன்றைக்கு. வெயில் ஏறினால் உருகிவிடும். நாளைக்கென்று பதுக்கியது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின தினம் மட்டும் இரட்டிப்பு. நாற்பது வருஷத்தில் ஒருவரும் ஒரு வாரத்துச் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் படுக்கவில்லை. ஒருவரும் பட்டினியாகவும் படுக்கவில்லை. "இன்னும் அஞ்சு வருஷம் இப்படியே இருந்தா நான் என்ன பண்ணுவேன் பெரியப்பா?" என்று அவள் கேட்டாள். ஐந்து வருஷத்துக்கான பெலனை இன்றைக்கே தேடினால் கிடைக்காது. இன்று ராத்திரி இரண்டு மணிக்கு மாமியாரைத் திருப்புகிற பெலன் இன்று ராத்திரிக்கு உண்டு.

இன்னொரு பேரைச் சொல்கிறேன், பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடியாத பேர்: துரோப்பீமு. எபேசுவில் பவுலின் உடம்பில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதிகள் நீங்கின. அதே பவுல், தன்னோடு கூட நடந்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார். காரணம் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கும் தொனியும் இல்லை. தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டி, முள் போகாமல் கிருபையை மட்டும் பெற்றுக்கொண்டவர் அவர். சுகம் கிடைக்காத வீட்டைப் பார்த்து, இங்கே ஏதோ பாவம் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் இதையும் வாசிக்க வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டுப் போன ஒருவரால் என் தம்பி மகள் பட்ட வேதனையை நான் கண்ணால் பார்த்தேன். அதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு டோனாவூர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஏமி கார்மைக்கேல், 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பாதவர். 1901இல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமி அவரிடம் வந்து சேர்ந்தாள். அங்கிருந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவானார். 1931 அக்டோபர் 24ஆம் தேதி களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டத் தொடங்கிய நேரம், வெட்டியிருந்த குழி தெரியாமல் விழுந்து கால் முறிந்தது. அப்போது வயது 63. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1951 ஜனவரியில் கண்மூடும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், அவருடைய உலகம் ஒரு அறைதான். அவருக்காக ஜெபிக்க ஆள் இல்லாமலா போயிற்று? ஒரு ஊரே ஜெபித்தது.

அந்தப் படுக்கையில் இருந்துகொண்டுதான் பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை எழுதினார். அவற்றில் ஒன்று 'ரோஸ் ஃப்ரம் பிரையர்', நோயாளிகளுக்கென்றே எழுதியது. சுகமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்காக எழுதியவை தனக்கு உதவவில்லை என்பதால், வலியில் கிடந்தபடியே வலியில் கிடப்பவர்களுக்கு எழுதத் துணிந்தார். நான் இதைப் பெரிதாக நினைக்கிறேன். வலியை மறைக்கவில்லை. வல்லமையையும் மறுக்கவில்லை.

கர்த்தரைச் சார்ந்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர் ஒரே நேரத்தில் 2,000க்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளை வைத்துப் பராமரித்தார். மனிதரிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை, முழங்காலில்தான் கேட்டார். ஆனால் வந்த ஒவ்வொரு காணிக்கைக்கும் ரசீது கொடுத்தார், வருஷா வருஷம் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார். ஜெபிக்கிறவரின் கணக்குப் புத்தகம் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அதனால் தம்பி மகளிடம் வேதவசனத்தை மட்டும் சொல்லிவிட்டு நான் எழுந்து வரவில்லை. சபை ஐயரிடம் போய்ப் பேசினேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாலு பேர் முன்வந்தார்கள். வெள்ளி ராத்திரியும் சனி ராத்திரியும் ஆள் மாற்றி ஆள் அங்கே போய்ப் படுக்கிறார்கள், என் மனைவியும் போகிறாள். அந்த இரண்டு ராத்திரியும் இவள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள். முதல் வாரம் தூக்கம் வராமல் எழுந்து எழுந்து வந்து பார்த்தாளாம். இப்போது பிள்ளைகள் வந்து எழுப்பும்வரை தூங்குகிறாள். ஜெபத்தில் கண் சொருகுவது குறைந்திருக்கிறது. நீளமாக ஜெபிக்க முடியாத நாளில், மாமியாரைத் திருப்பும்போதே இரண்டு வார்த்தை சத்தமாகச் சொல்லிவிடுகிறாளாம். அந்தம்மாவும் இடது கையை அசைத்துக் காட்டுகிறார்கள்.

வலது பக்கம் இன்னும் அசைவில்லை. அதற்காக நாங்கள் எல்லோரும் தொடர்ந்து ஜெபிக்கிறோம். பிசியோதெரபி செய்கிறவரையும் வாரம் இரண்டு நாள் வரச் சொல்லியிருக்கிறோம்.