கார்வேட்டிநகரத்தில் மோகினித் தீவு

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பேர்பெற்ற புத்தூரில் இறங்கி, பேருந்து ஏறிக் கார்வேட்டிநகரம் சென்றோம். குன்றுகளுக்கிடையே அமைந்த பழைய ஜமீன் ஊர். வேணுகோபால சுவாமி ஆலயமும் ஸ்கந்த புஷ்கரணி என்னும் பெரிய திருக்குளமும் அங்குள்ளன. 1960-ல் திருத்தணி சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தபோது இவ்வூர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. தமிழ் மட்டும் வீடுகளை விட்டுப் போகவில்லை.

நாம் தங்கிய இல்லத்தின் பெரியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எண்பதைத் தொட்டவர். இரவு உணவுக்குப் பின் அட்டை கழன்ற நூலொன்றை எடுத்துவந்தார். கல்கியின் ‘மோகினித் தீவு’. அலையோசை எட்டாத ஊரில் தீவுக் கதையா என்று நகைத்தோம். அவர் நகைக்கவில்லை.

நேயர்களுள் பலர் அதைப் படித்திருப்பீர்கள். யுத்த காலத்தில் ரங்கூனிலிருந்து வரும் கப்பல், ஜப்பானியர்க்கு அஞ்சி ஆளற்ற தீவொன்றில் ஒதுங்குகிறது. கரையிறங்கிய பயணியின்முன் நிலவொளியில் ஓர் ஆணும் பெண்ணும் தோன்றி, பாண்டியகுமாரி புவனமோகினியும் சோழகுமாரன் சுகுமாரனும் கொண்ட காதலை மாறிமாறிச் சொல்கின்றனர். சொல்பவர்கள் யார், உயிருள்ள மனிதர்தாமா என்ற ஐயம் நம்மை விட்டகல்வதில்லை. பகைத்த குலங்களின் காதலுக்கு நாட்டில் இடமில்லையென்றால் கடலுக்கப்பால் ஒரு தீவைப் படைத்துவிடலாம். சரித்திர நவீனம் எழுதுவோர்க்கு அது பெரிய வசதி. ‘பார்த்திபன் கன’விலும் செண்பகத் தீவு உண்டு. ஆனால் விக்கிரமனுக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. இரத்தின வியாபாரி வேடத்தில் தாய்நாடு திரும்பிவிடுகிறான். அயலில் வாழும் நமக்கு அக்கதையே உவப்பு என்றோம்.

“எங்கள் பாட்டிக்கு இதுதான் ஐயா,” என்றார் பெரியவர்.

பாட்டியின் மக்கள் இருவரும் ரங்கூனில் பிழைத்தவர்கள். 1941 டிசம்பர் 23-ல் அந்நகரில் குண்டு விழுந்தது. மூத்தவர், அதாவது பெரியவரின் தந்தையார், கப்பலில் இடம்பெற்றுச் சென்னை சேர்ந்தார். இளையவர்க்கு இடம் கிடைக்கவில்லை. நடந்துவந்த கூட்டத்தில் சேர்ந்தார். அவ்வாறு பர்மாவிலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட இந்தியர் சில லட்சம் பேர். காட்டிலும் காய்ச்சலிலும் மாண்டவர் ஆயிரக்கணக்கில். இளையவரைப் பற்றிக் கடிதமும் வரவில்லை, கண்டேன் என்பாரும் வரவில்லை.

பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. பேரன் படித்துச் சொல்லவேண்டும். புவனமோகினியின் காதல் வரும்போது வெற்றிலை இடிக்க எழுந்துவிடுவாராம். கப்பல் ஒதுங்கும் பக்கம் மட்டும் மறுபடி மறுபடி வேண்டும். “கப்பல்ல வந்தவங்களுக்கே ஒதுங்க ஒரு எடம் இருந்திச்சே, நடந்து வந்தவனுக்கு இருக்காதாடா?” என்பாராம்.

“இதெல்லாம் கட்டுக்கதை, பாட்டி என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு வயது பத்து. அன்றிரவு பாட்டி சாப்பிடவில்லை. மறுநாள் நானாக ஒரு வரி சேர்த்துப் படித்தேன். அப்புறம் நாள்தோறும் அதையும் கேட்டார்கள். மறந்துபோகாதிருக்க எழுதிவைத்துக் கொண்டேன்.”

நூலை வாங்கிப் பார்த்தோம். பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால், பிள்ளைக் கையெழுத்து: ‘அந்தத் தீவில் நடந்து வந்த சிலரும் இருந்தார்கள். அவர்கள் சௌக்கியமாக இருந்தார்கள்.’