ஆல்ட்டோவுக்கும் ஒரு பாட்டு

மோகன ராகக் கீர்த்தனை ஒன்றுக்கு நாலு குரலில் ஹார்மனி எழுதி எங்கள் பாடகர் குழுவிடம் கொடுத்தேன். பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்ட்டோ வரிசையில் நிற்கும் டீச்சரம்மா தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, பல்லவி முழுக்க எங்களுக்கு ஒரே சுரந்தானா?"

ஆமாம். 'ப' மட்டுமே கொடுத்திருந்தேன். கார்ட், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, சரியாக இருந்தது. அதைப் பாடப்போகிறவர்களை நான் நினைக்கவில்லை.

தேவாலயத்துப் பாமாலைப் பாட்டுகளுக்கு எழுதிப் பழகிய கை அது. மேல்நாட்டு மெட்டில் அடி முடியும் இடத்தில் பஞ்சமத்தின் கார்ட் வரும். அதிலுள்ள நிஷாதம் மேல் ஷட்ஜத்தில் ஏறி அமர்ந்தால்தான் முடிந்த நிறைவு. மோகனத்திலோ நிஷாதமும் இல்லை, மத்தியமமும் இல்லை. ச ரி க ப த என்ற ஐந்தில் முழுக் கார்டாகத் தேறுபவை இரண்டே: ச-க-ப, த-ச-க. இல்லாத நிஷாதத்தை ஆல்ட்டோவில் ஒளித்துவைத்துப் பார்த்தேன். அது ஒலித்த நொடியே மோகனம் போய்விட்டது. காதில் விழுந்தது சங்கராபரணம். அடுத்து, ராகத்துக்குள்ளேயே இரண்டு சுரம் தள்ளிக் கீழே பாடவைத்தேன்: மேல் ச-வுக்குப் ப, த-வுக்குக் க, ப-வுக்கு ரி. சீன மெட்டின் சாயல் வந்தது. அழகுதான், ஆனால் எங்கள் கீர்த்தனை அல்ல.

அப்போதுதான் இசையமைப்பாளர் பாக்கின் தாள்களை மறுபடி எடுத்தேன். ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் வெளியிட்ட காதல் பாட்டொன்றின் மெட்டு, பின்னர் சிலுவைப் பாட்டாயிற்று. மத்தேயு சுவிசேஷப்படியான இயேசுவின் பாடுகளுக்கு எழுதிய இசையில் பாக் அதை ஐந்து முறை வைத்திருக்கிறார். முதல் இரண்டு முறையும் ஹார்மனி ஒன்றே, சுருதி மட்டும் அரைச் சுரம் இறங்கும். இயேசு உயிர்விட்டபின் வரும் கடைசி முறையிலோ, அதே மெட்டுக்கு அடியில் உள்குரல்கள் அரையரைச் சுரமாக ஊர்கின்றன. துக்கம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அந்த ஆல்ட்டோ, டெனர் வரிகளைத் தனித்தனியே பாடிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் தனியாகவே பாடத் தகுந்த பாட்டு.

பழைய தாளைக் கிழித்துவிட்டேன். ஆண் குரல்களான பேஸும் டெனரும் தம்புராபோல ச-ப பிடிக்கட்டும். மெட்டு கமகத்தோடு அசையும் இடத்தில் ஆல்ட்டோ அசையாமல் நிற்கும்; மெட்டு நின்றால் ஆல்ட்டோ நடக்கும். இரண்டு வரிசையும் சேர்ந்து குலுக்கினால் எந்தச் சுரமும் பிடிபடாது.

சுரம் ஒழுங்கானதும் சொல் சிக்கியது. மெட்டில் 'வரம்' குறிலாக நகர்ந்துபோகிறது. ஆல்ட்டோ அந்த 'வ'வில் இரண்டு தட்டு நின்றால் அது 'வாரம்'. ஆண்டவரிடம் வரம் கேட்கிற பாட்டு அது! கீர்த்தனை எழுதியவர் குறில் நெடில் பார்த்துத் தாளத்தில் வைத்த சொல்லை நான் கெடுக்கலாமா? நீட்ட வேண்டியதையெல்லாம் 'ம்'மில் போட்டேன். வாய் மூடிய அந்த ஒலி எவ்வளவு நேரமும் நிற்கும், பொருளும் கெடாது.

டீச்சரம்மா புதுத் தாளை வாங்கி, தமக்குப் பழக்கமான டோ-ரே-மி எழுத்துகளில் மாற்றி எழுதிக்கொண்டார். அனுபல்லவியில் மெட்டு ஓய்கிற இடத்தில் ஆல்ட்டோ மட்டும் ப-த-ச என்று ஏறும். அங்கே பென்சிலால் கோடிட்டு, "இத இன்னொரு தரம் பாடுவமா தம்பி?" என்றார். பாடினோம்.

கடைசிப் பல்லவிக்கு நான் ஹார்மனி எழுதவில்லை. நாலு வரிசையும் மெட்டையே பாடும், ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே.