கம்பி கட்டும் முன் தடத்தைப் பாருங்கள்

மணிமுத்தாறு மலையடிவாரத்தில் முக்கால் ஏக்கரில் ஏத்தன் வாழை போட்டிருந்தார் ஒரு சம்சாரி. ஓணத்துக்கு முன்னால் வெட்டினால் கேரள வியாபாரிகள் நல்ல விலைக்கு எடுப்பார்கள் என்று கணக்குப் பார்த்து நட்ட கன்றுகள். ஆனிக் காற்றுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து, ஆடி பிறக்கும்போது தார்கள் திரண்டு நின்றன. ஆடி இரண்டாம் வாரம் ஒரு காலையில் போய்ப் பார்த்தால் பதினொரு வாழை சாய்ந்து கிடந்தது. மறுநாள் ஏழு. வரப்போரம் வைத்த தென்னம்பிள்ளைகளில் நாலைந்து குருத்தோடு போயிருந்தன. அதே வாரம் வீட்டுக் கோழிக்கூண்டில் இரண்டு கோழி கழுத்தறுந்து கிடந்தது. உரத்துக்கு வாங்கிய நகைக்கடன் இன்னும் அப்படியே நின்றது.

மைத்துனர் வந்து பார்த்தார். "மச்சான், மோட்டார் ரூம்ல இருந்து ஒரு வயர இழுத்து விட்டாப் போதும். ஒரு பன்னி விழுந்தா மத்தது இந்தப் பக்கமே தலை வைக்காது" என்றார். அன்று மதியமே அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் மூன்று கிலோ கட்டுக்கம்பி வாங்கியாயிற்று. மூங்கில் குச்சியும் சீவியாயிற்று.

வீட்டுக்காரம்மாதான் கேட்டார்: "நாளைக்கு ராத்திரி நமக்குத் தண்ணி முறை. பெரியப்பா டார்ச் இல்லாமத்தான வரப்புல வருவாரு. அவருகிட்ட யாரு போய்ச் சொல்லுவா?"

பெருங்கால் தண்ணீரை அந்தப் பத்து முழுவதற்கும் திருப்பி விடுகிற பெரியவர் அவர். மடை மடையாக இரவெல்லாம் நடப்பவர். கம்பிச்சுருள் அன்று திண்ணையிலேயே கிடந்தது.

பன்றிக்கு வைக்கிற கம்பியில் பன்றியைவிட அதிகமாக மாட்டிக்கொள்வது யார் என்று யோசித்தால், தண்ணீர் பாய்ச்சப் போகிறவரும், விடியற்காலையில் புல்லறுக்கப் போகிறவரும், சில நேரம் கம்பி கட்டியவருமே. 230 வோல்ட் மின்சாரம் விட்டுவிட்டு வருவதில்லை. ஈர வரப்பில் கால் வைத்து நிற்பவரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் இப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டு தாயைச் சுற்றிச் சுற்றி வந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. இலவச மின்சாரம் பம்புசெட்டுக்குத்தான். அதிலிருந்து வேலிக்கு இழுத்தால் மின்திருட்டு வழக்கு. ஆள் இறந்துவிட்டால் வழக்கு அதோடு நிற்காது, வாழை விற்ற பணம் வக்கீலுக்கும் போதாது.

மறுநாள் இரவு தண்ணீர் பாய்ந்தது. விடிந்ததும் பெரியவர் தோட்டத்தைச் சுற்றி வந்தார். ஈர மண்ணில் தடங்கள் அச்சாகப் பதிந்திருந்தன.

"ஏலே, பன்னி எங்கயாவது கோழியக் கழுத்தப் புடிக்குமா? ஒனக்கு வந்தது ஒரு ஆளு இல்ல, மூணு ஆளு" என்றார் பெரியவர்.

வாழையைச் சாய்த்தது பன்றிதான். பிளந்த குளம்புத் தடம், ஏர் ஓட்டியது போல மூக்கால் கிளறிய மண், கிழங்கைத் தின்றுவிட்டுத் தண்டை அப்படியே போட்ட விதம் எல்லாம் அதைத்தான் சொல்லின. தென்னம்பிள்ளை வேறு கதை. அடித்தண்டில் உளியால் செதுக்கியது போலப் பல் தடம், பக்கத்தில் கருப்பும் வெள்ளையுமாக ஒரு முள். முள்ளம்பன்றி. கோழியும், ஒரு தாரில் முன்னாலேயே பழுத்திருந்த இரண்டு சீப்பும் போனது மரநாயால். ஓட்டுக்கூரையில் கிடந்த எச்சத்தில் பப்பாளி விதையும் பனம்பழ நாரும் அப்படியே இருந்தன. மரநாயைத் தவிர வேறெதுவும் கூரை மேல் இப்படி விதை விதையாக வைத்துவிட்டுப் போகாது.

பன்றிக்கு என்று கம்பி கட்டியிருந்தால் மரநாய் மரத்துக்கு மரம் தாவித்தான் வந்திருக்கும். சேதத்தைப் பார்த்த கோபத்தில் தடத்தைப் பார்க்காமல் விடுவதுதான் பாதிச் செலவு வீணாவதற்குக் காரணம். நெல் வயலிலும் இப்படித்தான். தூர் சாய்வாகக் கத்தரித்துக் கிடந்தால் அது எலி; அதற்குத் தஞ்சாவூர்க் கிட்டியும், வரப்பை ஒடுக்கி வெட்டுவதும், ஆந்தை உட்காரக் கம்பு நடுவதும். நாற்றங்காலில் விதையைப் பொறுக்கியிருந்தால் மயில்; அதற்கு வலை. கொய்யா மரத்தடியில் மென்று துப்பிய சக்கை கிடந்தால் பழந்தின்னி வௌவால். அதற்குப் பழத்துக்கு உறை.

மரநாயைச் சமாளிப்பது லேசு. கூண்டுக்கு அரை அங்குலச் சல்லடைக் கம்பி, தகரக் கதவு, இருட்டும் முன் கோழியை அடைப்பது. வாழைத்தாரை மரத்திலேயே பழுக்க விடாமல் முற்றியதும் வெட்டிவிட வேண்டும். கூரைக்குள் குடியேறியிருந்தால் அது இரவில் இரை தேடப் போன பிறகு ஓட்டையை அடைக்கலாம்; அடைக்கும் முன் உள்ளே குட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் தாய் கூரையையே பிரிக்கும், உள்ளே குட்டி செத்து வீடு நாறும். முள்ளம்பன்றிக்குத் தென்னம்பிள்ளையைச் சுற்றி வலைக்கம்பி, அதில் ஒரு அடி மண்ணுக்குள் இருக்க வேண்டும். மேலோடு சுற்றி வைத்தால் தோண்டிக்கொண்டு போய்விடும்.

பன்றிதான் பெரும்பாடு. அதற்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. அதனால்தான் தலைமுடி தூவுவதும், கடையில் விற்கும் விரட்டி மருந்தும், வரப்பில் ஆமணக்கை நெருக்கி விதைப்பதும் கொஞ்சம் எடுபடுகின்றன. சேலை கட்டுவது முதல் வாரம் வேலை செய்யும். பிறகு பன்றி அதை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே வரும். எதைச் செய்தாலும் பத்து நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இதைவிட முக்கியமான ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பகலில் பன்றி எங்கே படுக்கிறது? பல ஊர்களில் மலையிலிருந்து தினமும் இறங்கி வருவதில்லை. குளத்துக்குள்ளும் ஓடைக்கரையிலும் மண்டிய சீமைக்கருவேலத்தில்தான் குடியிருக்கிறது. வெட்டிய வாழைக்கிழங்கையும் அழுகிய காயையும் தோட்டத்து மூலையில் குவித்து வைப்பது அதற்கு விருந்து வைப்பதுதான். நாட்டு வெடியை மட்டும் நினைக்கவே வேண்டாம். 2020-ல் கேரளத்தில் சினையாக இருந்த ஒரு யானை வாய் கிழிந்து ஆற்றில் நின்றபடியே செத்தது அப்படி ஒரு வெடியால்தான். நம் ஊரில் அதைக் கடிக்கப்போவது மேய்ச்சலுக்குப் போன பசுவாகவும் இருக்கலாம்.

பன்றியைச் சுட அரசு அனுமதி கொடுத்துவிட்டது என்று 2025 ஜனவரிக்குப் பிறகு ஊரெல்லாம் பேச்சு. அனுமதி வனத்துறைக்குத்தான், சம்சாரிக்கு இல்லை. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால்தான் துப்பாக்கி. பாபநாசம், மணிமுத்தாறு அடிவாரத் தோட்டங்களில் பல களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் வேலியை ஒட்டியே கிடக்கின்றன. பன்றித் தொல்லை அதிகமுள்ள இடத்துக்கு அந்த அனுமதியால் பலன் இல்லை என்பது வருத்தம்தான். நாயை வைத்துக் காவல் காக்கலாம் என்றால் அதற்கும் ஒரு சிக்கல் உண்டு. 2024 மே மாதம் வேம்பையாபுரம் பக்கம் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாய், சிறுத்தைக்குப் பிடித்த இரை.

மிஞ்சியது சூரியசக்தி வேலி. அதில் மின்னழுத்தம் அதிகமாக இருந்தாலும், விநாடிக்கு ஒரு முறை கண் இமைப்பதற்குள் அடித்து விட்டுவிடும். ஆளைத் தூக்கிப் போடும், கொல்லாது. கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்குள் இருந்தால்தான் பன்றியின் மூக்கில் படும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் சக்தி அத்தனையும் மண்ணுக்குப் போய்விடும். வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். 2023-ல் வந்த விதிகளின்படி காட்டை ஒட்டிய இடங்களில் மின்வேலியைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு முன்னால் கம்பி கட்டினால் அதுவும் குற்றம்.

நம்முடைய சம்சாரி பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேரோடு சேர்ந்துதான் வேலி போட்டார். தனியாகப் போட்டிருந்தால் கட்டுப்படியாகியிருக்காது. இழப்பீட்டுக்கு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்தார். சாய்ந்த வாழையை அப்புறப்படுத்தும் முன் படம் எடுத்திருந்ததால் சேதத்தைக் காட்ட முடிந்தது. ஆனால் நிலம் மடத்துக் குத்தகை, அடங்கலில் அவர் பெயர் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் நான்கு நடை நடந்துகொண்டிருக்கிறார். குத்தகைச் சம்சாரிகள் இந்தக் காகிதத்தைச் சேதம் வருவதற்கு முன்பே சரி செய்து வைத்துக்கொள்வது நல்லது.

ஓணத்துக்கு மீதித் தார்கள் போய்ச் சேர்ந்தன. கோடையில் வேலியின் எர்த் கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போனதை, பெரியவர்தான் முறை வரும்போதெல்லாம் ஞாபகமாகச் செய்கிறார். திண்ணையில் கிடந்த கட்டுக்கம்பி புடலைப் பந்தலுக்குப் போய்விட்டது. அங்கே இப்போது அணில் வருகிறது.