மலையைத் துளைத்து வந்த நீர்: பெரியாற்றின் வழியே ஒரு கல்விப் பயணம்

வகுப்பறையில் கோடுகளாகவும் எண்களாகவும் கற்ற ஒன்றை, அது இருக்கும் இடத்திற்கே சென்று பார்த்து, அளந்து, அங்கு வாழ்வோரிடம் கேட்டுத் தெளிவதே கல்விச் சுற்றுலா என்னும் சொல்லின் பொருள். தமிழ்நாட்டிலோ அச்சொல் பெரும்பாலும் ஒரு பேருந்து, ஒரு பூங்கா, ஒரு நாள் என்ற அளவில் சுருங்கிவிட்டது. சீனத்தில் இதற்கு 'யென்ஷுவே' என்று தனிப்பெயர் வழங்குகிறது. ஆய்ந்து கற்றல் என்பது அதன் பொருள். 2016ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கல்வி அமைச்சகமும் வேறு பத்துத் துறைகளும் சேர்ந்து வெளியிட்ட நெறியுரை, இத்தகைய பயணத்தைப் பள்ளிகள் தம் கல்வித் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. அவ்வாறு மாணவர் குழுக்கள் சென்று காணும் இடங்களுள் ஒன்று, சிச்சுவான் மாகாணத்தில் உள்ள துஜியாங்யான் என்னும் பழைய நீர்ப்பாசன அமைப்பு. தேனி மாவட்டத்தில் உத்தமபாளையத்திற்கும் கம்பத்திற்கும் இடையே அமைந்த அனுமந்தன்பட்டியின் மாணவர் ஒருவர் அந்தச் சீன அமைப்பைப் பற்றிப் படிக்க நேர்ந்தால், அதில் தம் ஊரின் கதையையே காண்பார்; மலையைக் குடைந்து நீரைத் திருப்பிய ஒரு செயலால் விளையும் வயல்களுக்கு நடுவேதான் அவரும் வளர்கிறார்.

துஜியாங்யானைச் சற்று விரிவாகக் காண்பது இந்தப் பயணத்திற்குத் தேவையானது. கி.மு. 256 அளவில், சின் அரசின் ஆட்சியில் இருந்த அப்பகுதிக்கு ஆளுநராக அமர்ந்த லீ பிங் என்பவர், மலையிலிருந்து வேகமாக இறங்கிச் சமவெளியில் வெள்ளமாகப் பரவிய மின்ஜியாங் ஆற்றை அணையால் தடுக்க முயலவில்லை. ஆற்றின் நடுவே மீனின் வாய் போலக் கூர்மையான ஒரு கரையை எழுப்பி, நீரை உள்ளாறு, வெளியாறு என இரண்டாகப் பிரித்தார். ஆற்றுப் படுகையின் ஆழமும் வளைவும் அறிந்து அமைத்த பிரிவு என்பதால், நீர் குறைந்த காலத்தில் பத்தில் ஏறத்தாழ ஆறு பங்கு பாசனத்திற்கான உள்ளாற்றிலும், வெள்ளக் காலத்தில் அதே அளவு வெளியாற்றிலும் தானாகவே செல்கிறது. உள்ளாற்று நீர் செங்டு சமவெளிக்குள் நுழைய ஒரு மலை முகட்டை வெட்ட வேண்டியிருந்தது. வெடிமருந்து அறியப்படாத அக்காலத்தில், பாறையின்மீது தீ மூட்டிக் காய்ச்சி, உடனே நீரூற்றிக் குளிர்வித்து, வெடித்த பாறையைப் பெயர்த்தெடுத்தே சுமார் இருபது மீட்டர் அகலமுள்ள வாயைத் திறந்தனர் என்று சொல்லப்படுகிறது.

அந்த அமைப்பு இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கி, இன்றும் 6 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்திற்கு நீர் தருவதற்குக் காரணம், கட்டியவரின் திறமை மட்டும் அன்று. ஆண்டுதோறும் நீர் குறைந்த பருவத்தில் ஆற்றை ஒரு பக்கமாகத் திருப்பி, படுகையில் சேர்ந்த மணலையும் கூழாங்கல்லையும் குறித்த ஆழம்வரை அள்ளி, மூங்கில் கூடைகளில் கல்லடைத்துக் கரையைச் சீராக்கும் பணியைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் செய்துவந்துள்ளனர். பணி முடிந்ததும், வசந்த காலத்துச் சிங்மிங் நாளையொட்டி நீரைத் திறந்துவிடுவதே அங்கு ஒரு திருவிழா. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்தில், கற்சுவரைக் காட்டிலும் இந்தப் பராமரிப்பு மரபே மாணவர்கள் கருத்தூன்ற வேண்டிய பாடமாகத் தோன்றுகிறது.

அனுமந்தன்பட்டி அமைந்த கம்பம் பள்ளத்தாக்கின் நீர்வழியோ மேற்கு மலைத்தொடரின் மறுபக்கத்தில் தொடங்குகிறது. சிவகிரி மலைப்பகுதியில் தோன்றும் பெரியாறு இயல்பாக மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் சேர வேண்டிய ஆறு. மலையின் கிழக்குப் பக்கமோ மழை மறைவுப் பகுதி, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலைக்கு அப்பாலேயே இறக்கிவிடுவதால் மழை குன்றிய நிலம். அப்பால் மிகுந்து வீணாகும் நீரை இப்பால் கொணர வேண்டும் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தும், 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சமே அதைச் செயலாக்கத் தூண்டியது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாகி, 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகையில் திட்டத்திற்கு ஒதுக்கப்பட்டது. பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் தலைமையில் 1887இல் தொடங்கிய பணி, வெள்ளத்தில் தற்காலிகத் தடுப்புகள் அடித்துச் செல்லப்பட்டும், காட்டுக் காய்ச்சலில் தொழிலாளர் பலர் மாண்டும், கைவிடப்படாமல் நடந்தேறி, அணை 1895 அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபுவால் திறந்துவைக்கப்பட்டது. இரு முகங்களிலும் கருங்கல் கட்டும், நடுவே சுண்ணாம்புடன் சுர்க்கி சேர்த்த கலவையுமாக எழுந்த அணை அது. நன்கு சுட்ட செங்கல்லை இடித்தெடுத்த தூளே சுர்க்கி எனப்படுவது.

அணை நீரை உயர்த்தி நிறுத்துகிறது. நீரைத் தமிழ்நாட்டிற்குக் கொண்டுவருவதோ 5,704 அடி நீளத்தில் மலையைத் துளைத்த சுரங்கம். அதன் வாய் அணையின் 104 அடி மட்டத்தில் இருப்பதால், அதற்குக் கீழே தேங்கிய நீர் ஒரு துளியும் கிழக்கே வராது. பள்ளத்தாக்கின் தேநீர்க் கடைகளில் முதியோர் நாளேடு விரித்ததும் முதலில் தேடும் எண் அணையின் நீர்மட்டம் என்பதன் காரணம் இந்தக் கணக்கில் அடங்கியுள்ளது. உச்ச நீதிமன்றம் 2006 தீர்ப்பிலும் பின்னர் 2014 மே 7 அன்று அளித்த தீர்ப்பிலும் அதிகபட்ச நீர்மட்டமாக ஏற்ற 142 அடிக்கும் இந்த 104 அடிக்கும் இடைப்பட்ட 38 அடி உயரத்து நீர்தான் கீழேயுள்ள வயல்களின் உயிர். அணை இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பெரியாறு புலிகள் காப்பகத்திற்குள். அதை இயக்குவதோ தமிழ்நாடு அரசு. அணையின் பாதுகாப்பைப் பற்றிக் கீழ்ப்புறத்துக் கேரள மக்களுக்கு உள்ள அச்சத்தையும், நீரைப் பற்றி இப்புறத்து உழவருக்கு உள்ள அச்சத்தையும் ஒருசேரக் கேட்டு எடைபோடுவது, இப்பயணத்தில் மாணவர்க்குக் கிடைக்கக்கூடிய மிகக் கடினமான, மிகப் பயனுள்ள பயிற்சி.

உரிய இசைவின்றி அணைக்குச் செல்ல இயலாது என்பதால், மாணவர் குழுக்களுக்குப் பயணம் பெரும்பாலும் லோயர்கேம்ப்பில் தொடங்கும். குமுளி மலைப்பாதையின் அடிவாரமான இவ்வூருக்கு மேலே, சரிவில் இறங்கும் நான்கு பெருங்குழாய்களைச் சாலையிலிருந்தே காணலாம். சுரங்கத்தைக் கடந்த நீர் போர்பே எனப்படும் முன்தேக்கத்தில் சிறிது நின்று, இக்குழாய்களில் ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்கி, பெரியாறு மின் நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது. 1895 முதல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் மலைச்சரிவில் வீணே விழுந்த ஆற்றல், 1958 முதல் மின்சாரமாக மாறிவருகிறது. நீர் தேவைக்கு மிஞ்சும்போது மின் நிலையத்திற்குச் செல்லாமல் இரைச்சல் பாலத்தின் வழியாக இறங்கும். அந்தப் பெயரின் பொருளை விளக்க ஆசிரியர் எவரும் தேவையில்லை.

இங்கே 2013 ஜனவரி 15 அன்று, பென்னிகுயிக்கின் பிறந்த நாளில், அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. பொங்கல் திருநாளையொட்டி வரும் அந்நாளில் பாலார்பட்டி போன்ற ஊர்களில் மக்கள் அவர் பெயரால் பொங்கலிடுகிறார்கள். கடைகளிலும் வீடுகளிலும் அவர் படம் சாமி படங்களோடு தொங்குகிறது. துஜியாங்யானிலும் ஆற்றங்கரை மலைமீது லீ பிங்குக்கும் அவருடைய மகனுக்கும் கோயில் உண்டு. ஆற்றில் இருந்த நாகத்தை அவர்கள் அடக்கினார்கள் என்ற கதையும் உண்டு. நாகத்திற்கு ஈடாக இங்கு வழங்கும் கதை, பென்னிகுயிக் தம் சொத்துகளை விற்று அணையை முடித்தார் என்பது. திட்டத்தின் செலவைச் சென்னை மாகாண அரசே ஏற்றது என்பது ஆவணங்களில் தெளிவாக இருப்பதால், கதையையும் ஆவணத்தையும் அருகருகே வைத்து, ஒரு மக்கள் கூட்டம் தன் நன்றியைச் சொல்ல ஏன் ஒரு கதையைத் தேடிக்கொள்கிறது என்று மாணவர்கள் வினவலாம். கதையைப் பொய் என்று தள்ளிவிட்டால் அந்த நன்றியின் ஆழம் தெரியாமலே போய்விடும்.

மின் நிலையத்தைவிட்டு வெளியேறிய நீர் வைரவனாற்று வழியில் இறங்கி, சுருளியாற்றுடன் கலந்து, முல்லைப் பெரியாறு என்னும் பெயரோடு கூடலூரையும் கம்பத்தையும் கடக்கிறது. இருபுறமும் பன்னீர்த் திராட்சைப் பந்தல்கள் தொடங்கும் இடம் இது. கல்தூண்களின்மேல் கம்பி வலை பரப்பிக் கொடிகளைப் படரவிடும் இந்தத் தோட்டங்களின் கருநீலப் பழம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. குறிப்பிட்ட ஒரு நிலப்பகுதியின் மண்ணும் தட்பவெப்பமுமே ஒரு பொருளின் தனித்தன்மைக்குக் காரணம் என்று சட்டம் ஏற்பதே புவிசார் குறியீடு. இராயப்பன்பட்டியை அடுத்த ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருப்பதால், பயிரியல் மாணவர்களுக்குக் கற்க வேண்டியது கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது.

ஆற்றைவிட்டுப் பிரியும் கால்வாய்களிடம்தான் இப்பள்ளத்தாக்கின் உண்மையான நூலகம் உள்ளது. ஆற்றின் குறுக்கே கட்டிய தாழ்வான அணைக்கட்டுகளிலிருந்து பழைய கால்வாய்கள் பதினேழு பிரிந்து, 14,707 ஏக்கர் நிலத்தில் இருபோக நெல் விளைய நீர் தருகின்றன. இருபோகம் என்பது ஓராண்டில் ஒரே வயலில் இருமுறை நெல் எடுப்பது. பின்னாளில் லோயர்கேம்ப்பிலிருந்து போடிப் பகுதிவரை வெட்டிய புதிய கால்வாய்க்குத் தனிப்பெயர் ஏதும் சூட்டாமல் பதினெட்டாம் கால்வாய் என்றே அழைப்பதில், பதினேழையும் எண்ணி வைத்திருந்த ஒரு சமூகத்தின் நினைவு பதிந்துள்ளது. அணையில் போதிய நீர் இருந்தால் ஜூன் மாதம் முதல் போகத்திற்கு நீர் திறக்கப்படும். மதகு உயர்த்தி, மலர் தூவி நீரை வரவேற்கும் அந்நாள் சிங்மிங் நாளின் நீர்விழாவிற்குச் சற்றும் குறைந்ததன்று.

உத்தமபாளையத்தில் குழு சற்று நிற்க வேண்டும். ஊரை ஒட்டிய திருக்குணகிரிப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. பாண்டிய நாட்டில் பண்டு தமிழை எழுதப் பயன்பட்ட வளைவான எழுத்து முறையே வட்டெழுத்து. பெரியாற்று நீர் வருவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, சுருளியாற்றை நம்பி இங்கு ஊரும் உழவும் பள்ளியும் இருந்தன என்பதற்கு அப்பாறை சான்று. இங்கிருந்து சிறிது தொலைவில் அனுமந்தன்பட்டி. நெல், வாழை, தென்னை, திராட்சை என்று ஒன்றையடுத்து ஒன்றாகப் பயிர் மாறும் இப்பேரூராட்சியின் எல்லைக்குள்ளேயே மாணவர்கள் ஒரு கால்வாயைத் தலைப்பு முதல் கடைமடைவரை நடந்து முடிக்கலாம். தலைப்பு என்பது கால்வாய் ஆற்றைவிட்டுப் பிரியும் இடம். கடைமடை அதன் கடைசி வயலுக்கு நீர் பாயும் வாய். தலைப்பில் நிற்பவருக்கு நீர் ஒரு வரம். கடைமடையில் நிற்பவருக்கு அது ஒரு காத்திருப்பு. இடையில் எங்கே தூர் சேர்ந்துள்ளது, எங்கே ஆகாயத்தாமரை அடைத்துள்ளது, எந்த மடையின் பலகை உடைந்துள்ளது, எங்கே கழிவு கலக்கிறது என்று மாணவர்கள் குறித்துக்கொண்டே நடந்தால், சீன மக்கள் ஆண்டுதோறும் மூங்கில் கூடையில் கல்லடைத்தது ஏன் என்பது விளக்கமின்றியே புரியும். தமிழகத்தில் அப்பணிக்கு வழங்கிய பழம்பெயர் குடிமராமத்து. நீரைப் பயன்படுத்தும் குடிகளே கூடி நின்று வாய்க்காலையும் கண்மாயையும் செப்பனிடும் வழக்கம் அது. அந்த வழக்கம் தளர்ந்து, பிறகு அரசுத் திட்டத்தின் பெயராக மீண்டது. தம் பாட்டனார் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கிய நாள்களை வீட்டிலேயே கேட்டறியக்கூடிய மாணவர்கள் இவ்வூரில் இன்னும் இருப்பார்கள். அந்த நினைவுகள் எழுதப்படாமல் மறைவது பெரிய இழப்பு.

சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள், அதாவது அரசர் தம் கொடையைப் பொறித்தளித்த செம்புத் தகடுகள், பாண்டிய வரலாற்றின் முதன்மைச் சான்றுகளுள் அடங்கும். வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயிலைத் தொட்டுக்கொண்டு ஆறு செல்கிறது. சித்திரைத் திருவிழாவில் மக்கள் நீராடுவது மலைக்கு அப்பாலிருந்து வந்த இந்நீரில்தான். தேனியை ஒட்டிக் கொட்டக்குடி ஆறு கலக்க, வருசநாட்டு மலைகளிலிருந்து இறங்கும் வைகையோடு இணைந்ததும் முல்லைப் பெரியாறு தன் பெயரை இழக்கிறது. ஆண்டிபட்டிக்கு அருகே 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை, 71 அடி உயரத்தில் இரு நீரையும் ஒன்றாகத் தேக்குகிறது.

அணைக்குக் கீழே பேரணையில் நீர் மீண்டும் பிரிகிறது. இங்குள்ள மதகுகள் பெரியாற்றின் நீரைப் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குத் திருப்ப, கள்ளந்திரிவரை 45,041 ஏக்கர் இருபோக நிலமும், மேலூர், திருமங்கலம் பகுதிகளில் ஒருபோக நிலமும் பாசனம் பெறுகின்றன. இந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் முதன்மையாகக் கருதியது இந்த மதுரை மாவட்டத்து வயல்களையே. எஞ்சிய நீர் வைகையாக மதுரையைக் கடந்து, விரகனூரிலும் பார்த்திபனூரிலும் உள்ள மதகணைகளில் பங்கிடப்பட்டு, வழியெங்கும் கண்மாய்களை நிரப்பிக்கொண்டே மெலிகிறது. நல்ல மழை ஆண்டுகளில் மட்டுமே அது இராமநாதபுரம் பெரிய கண்மாயை எட்டி, அதன் மிகைநீர் ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் நீரிணையில் சேர்கிறது.

ஆற்றின் கடைசியான இந்த இராமநாதபுரம்தான் திட்டத்தின் தொடக்கமும் ஆகும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக, அதாவது தலைமை அமைச்சராக, இருந்த முத்திருளப்பப் பிள்ளை, மேற்கு மலைக்கு அப்பால் ஓடும் ஆற்றை இப்பால் திருப்ப முடியுமா என்று கண்டுவர அறிவுள்ள பன்னிருவரை அனுப்பினார். அவர்கள் கடலோரத்து வறண்ட சீமையிலிருந்து நீரின் போக்குக்கு எதிராக மேற்கே நடந்து, மலையேறி, ஆற்றையும் மலையின் தாழ்ந்த இடத்தையும் கண்டு, செயல் இயலும் என்று வந்து உரைத்தார்கள். பொருள் இன்மையால் அது அப்போது நடைபெறவில்லை. அப்பன்னிருவரின் பெயர்கள் பொதுவாக அறியப்படாதவை. அவர்கள் நடந்திருக்கக்கூடிய வழியின் பெரும்பகுதியில் இன்று நீர் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது.