எதை முதலில் படிப்பது?

கம்மாபுரத்திலிருந்து ஐடி சப்போர்ட் வேலைக்குப் போக நினைத்தபோது, எந்தச் சான்றிதழை முதலில் வாங்குவது என்பது எனக்குப் பணக் கேள்வியாகத்தான் இருந்தது. காம்ப்டியா ஏ பிளஸ் என்றால் இரண்டு தேர்வு, இரண்டு கட்டணம். தோற்றால் மறுபடி கட்ட வேண்டும். சிஸ்கோவின் சிசிஎன்ஏ ஒரே தேர்வுதான், ஆனால் பெரும்பாலும் நெட்வொர்க். 2018இல் கூகுள் தொடங்கிய ஐடி சப்போர்ட் படிப்பைக் கோர்செராவில் நிதியுதவி கேட்டு வீட்டிலிருந்தே படிக்கலாம்.

அப்பாவுக்கு விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையில் கூலி வேலை. "எதுல தோத்தா நம்மால தாங்க முடியுமோ, அதுல ஆரம்பி" என்றார்.

அதனால் முதலில் கூகுள். நேர்முகத்தில் அது ஏ பிளஸ் அளவுக்கு எடுபடாமல் போகலாம்; ஆனால் லினக்ஸும் டிஎன்எஸ்ஸும் கைக்கு வந்துவிடும். ஏ பிளஸை என் முதல் சம்பளத்தில் எழுதிக்கொள்வேன்.