பரிசோதனையில் தெரியாத வலி

"எல்லாப் பரிசோதனைகளும் சரியாகவே இருக்கின்றன" என்று மருத்துவர் கூறும்போது நாம் ஆறுதல் கொள்கிறோம். ஆனால், உடம்பெங்கும் வலியைச் சுமப்பவளுக்கு அச்சொல்லே தண்டனையாகிவிடுவதுண்டு. "நோயே இல்லை, எல்லாம் மனப்பிரமை" என்ற பேச்சு அதன் பிறகே வீட்டில் தொடங்குகிறது.

என் லாத்தா ஈராண்டுக் காலம் இப்பேச்சைக் கேட்டவர். கழுத்து, தோள், இடுப்பு, தொடை என எங்கும் வலி. இரவெல்லாம் உறங்கியும் சுப்ஹுக்கு எழும்போதே களைத்திருப்பார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவார். இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் குறையொன்றும் காட்டவில்லை. மூட்டுவாத நோய் நிபுணர் ஒருவர் பொறுமையுடன் அமர்ந்து கேட்ட பிறகே நோயின் பெயர் தெரிந்தது: ஃபைப்ரோமயால்ஜியா. "நான் பொய் சொல்லவில்லை என்று இப்போதாவது நம்புவீர்களா?" என்று வீட்டாரைப் பார்த்துக் கண்கலங்கினார் லாத்தா.

இந்நோயில் மூட்டுகள் சிதைவதில்லை. மூளையும் தண்டுவடமும் வலியுணர்வைப் பெருக்கிவிடுகின்றன. ஆகவேதான் எக்ஸ்ரேயில் அது அகப்படுவதில்லை. அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரி 1990ஆம் ஆண்டில் வகுத்த விதிப்படி, உடலில் குறிப்பிட்ட 18 இடங்களை விரலால் அழுத்தி, 11 இடங்களிலேனும் வலிக்கிறதா என்று பார்த்தனர். 2010இல் வந்த புதிய விதி அம்முறையைக் கைவிட்டது. உடலின் 19 பகுதிகளுள் எங்கெங்கு வலி, களைப்பு எவ்வளவு, உறங்கி எழுந்தால் தெளிவு உண்டா, நினைவு தடுமாறுகிறதா என்று கேட்டறிவதே இப்போதைய முறை. இத்தொல்லைகள் மூன்று மாதங்களேனும் நீடித்திருக்க வேண்டும்.

அவ்வாறெனில் இரத்தப் பரிசோதனை எதற்கு? தைராய்டு குறைபாடும் முடக்குவாதமும் இதே போன்ற வலியைத் தரக்கூடும்; அவற்றைக் கண்டறியவே அது. மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை இருப்பின் வேறு நோய் உண்டா என்று அவசியம் ஆராய வேண்டும்.

சகோதரிகளே! மருத்துவரிடம் செல்லுமுன் வலிக்கும் இடங்களையும், உறக்கத்தையும், களைப்பையும் சில வாரங்கள் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். "கை வலி" என்று ஒருநாளும் "இடுப்பு வலி" என்று மறுநாளும் தனித்தனியே சொன்னால் நோயின் முழு உருவம் தெரியாது. சிறிது சிறிதாகக் கூட்டும் நடைப்பயிற்சியும், ஒழுங்கான உறக்கமும், தேவைப்படின் மருந்தும் வேதனையைத் தணிக்கும்.

உங்கள் வீட்டில் ஒருத்தி மாதக்கணக்கில் "வலிக்கிறது" என்கிறாளா? ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு, அவள் சொல்வதை முழுமையாகக் கேளுங்கள். இந்நோயைக் கண்டறிய அவளுடைய சொல்லே முதல் சான்று.