சுருதிக்குத் திரும்பாத தந்தி

வீணை இருந்த வீட்டிலே மின்சாரக் கிற்றார் ஒன்றும் வந்து சேருமென்று நான் ஒருபொழுதும் எண்ணியவனல்லன். என் மனைவியோடு வந்த தஞ்சாவூர் வீணை, முன்னறையின் சுவரோரத்தில், பட்டுத்துணி போர்த்தபடி இருபது ஆண்டுகளாக வீற்றிருக்கிறது. அதற்கு நேரெதிரே, கனடாவிலிருந்து வந்த மாமன் கொடுத்த செந்நிறக் கிற்றாரைக் கொண்டுவந்து வைத்தான் பதினேழு வயது நிரம்பிய என் மகன்.

அவ்வாத்தியத்தின் குதிரையோடு இணைந்த இரும்புக் கோல் ஒன்று உண்டு. கோலை அழுத்தினால் தந்திகள் தளர்ந்து ஒலி தாழும்; கையை எடுத்தால் பழைய சுருதிக்கு மீளும். மீளவேண்டும் என்பதே விதி. மகனுடைய கிற்றாரிலோ அது மீளவில்லை. பாட்டின் தொடக்கத்தில் ஒத்திருந்த சுருதி, கோலை இருமுறை அசைத்ததும் பகைத்துக்கொண்டு நின்றது. அவன் நிறுத்துவான், சேர்ப்பான், மீண்டும் தொடங்குவான். அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த எனக்குப் பொறுமை எத்தனை நாளைக்கு இருக்கும்?

நகரத்துக் கடையொன்றிற் காட்டினோம். முறுக்காணிகள் பழுதென்று கூறி ஆறையும் மாற்றிப் பணமும் பெற்றுக்கொண்டனர். வீட்டுக்கு வந்து கோலை அசைத்தான், பழைய கதையே. அன்று நான் சொன்ன வார்த்தையை இங்கு எழுதக் கூசுகிறேன். "உந்தத் தகரத்தை ஆருக்காவது வித்துப்போட்டுப் படிக்கிற வழியைப் பார்" என்றேன். அவன் மறுமொழி கூறவில்லை. கிற்றாரைப் பெட்டியில் வைத்து மூடிக் கட்டிலின்கீழ்த் தள்ளிவிட்டான். மூன்று வாரம் வீட்டிற் சத்தமே இல்லை. நான் வேண்டிய அமைதிதான்; ஆயினும் உணவு வேளையிலும் அவன் கேட்டதற்கு மட்டும் விடை சொல்லி எழுந்து போனபோது, அந்த அமைதி எனக்கு இனிக்கவில்லை.

நிற்க. நான் இந்துக் கல்லூரியொன்றிற் பௌதிகம் கற்பிப்பவன். இழுவை, உராய்வு, சமநிலை என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவன், தன் வீட்டுக் கட்டிலின்கீழே கிடக்கும் அதே பாடத்தைத் திறந்து பாராமலே 'தகரம்' என்று தீர்ப்புச் சொல்லலாமா? ஓரிரவு, மகன் தனிவகுப்புக்குப் போயிருந்த வேளையிற் பெட்டியை வெளியே இழுத்தேன்.

இவ்வகைக் கிற்றாரை 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வெளியிட்டவர் லியோ பெண்டர் என்பவர். வானொலி திருத்துவதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். கிற்றார் வாசிக்கத் தெரியாதவர் என்பது வியப்பு. அக்கோலுக்கு அவர் 'திரெமலோ' என்று பெயரிட்டார். திரெமலோ என்பது ஒலியின் வலிமை கூடிக் குறைவது. சுருதி அசைவதற்கு 'விப்றாற்றோ' என்பதே சரியான பெயர். பெயர் பிழைத்தாலும் பொறி பிழைக்கவில்லை. 1956இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

பின்புறத் தகட்டைக் கழற்றினேன். மரத்தைக் குடைந்த குழியிலே மூன்று விற்சுருள்கள். முன்புறத்தில் ஆறு தந்திகளும் சேர்ந்து குதிரையை 45 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரத்தோடு இழுக்கின்றன. ஒரு சீமெந்துப் பொதிக்குச் சற்றே குறைவு. விற்சுருள்கள் எதிர்ப்புறம் இழுக்கின்றன. இவ்விரு இழுவைக்கும் நடுவிலே குதிரை மிதக்கிறது. ஆகவே ஒரு தந்தியை முறுக்கினால் குதிரை சிறிது முன்சாய, மற்றைய ஐந்தும் தளர்ந்துவிடும். வீணையிற்போல ஒரு சுற்றிற் சுருதி சேர்த்து முடிக்க இயலாது. மூன்று நான்கு முறை சுற்றிவர வேண்டும். மகன் அதனை அறிந்தே செய்துவந்தான். அப்படியாயிற் குற்றம் எங்கே?

மனைவி கைவேலையை விட்டு வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "இஞ்சாருங்கோ, கோலை அமத்தி விட்டாப்பிறகு மூண்டாந் தந்தி இறங்கேல்லை, ஏறியெல்லோ நிக்குது!" என்றாள்.

கமகத்திலே பழகிய செவி அது. எனக்கு உடல் சிலிர்த்தது. முறுக்காணி நழுவினாற் சுருதி இறங்குமேயன்றி ஏறாது. கடைக்காரரும் நானும் கேளாத கேள்வி இதுவே. கழுத்தின் தலைப்பக்கத்தில், தந்திகள் தாண்டிச் செல்லும் வெள்ளைத் தண்டொன்றுண்டு; அதில் தந்திக்கொரு வெட்டு. கோலை அழுத்தும்போது தளர்ந்த தந்தி அவ்வெட்டின் வழியே மயிரிழையளவு முறுக்காணிப் பக்கம் வழுக்குகிறது. கோலை விட்டதும் அம்மயிரிழை திரும்பி வரவேண்டும். வெட்டு இறுகப் பிடித்தால் வாராது. குதிரைப் பக்கத்தில் இழுவை கூடிச் சுருதி ஏறிநிற்கும். அத்தந்தியை மெட்டின்மீது பக்கவாட்டில் ஓங்கி இழுத்துவிட்டேன். 'ணிக்' என்றொரு சத்தம். சுருதி சரியான இடத்தில் வந்து அமர்ந்தது. பாரமான தந்திதான் நல்ல தந்தியென்று எண்ணிய மைத்துனர், மெல்லிய தந்திக்கு வெட்டிய வழியிலே தடித்ததைப் பூட்டிக் கொடுத்திருந்தார்!

மகன் வரும்வரை காத்திருந்தேன். "பிழை முறுக்காணியிலுமில்லை, உன்ரை கையிலுமில்லை" என்றேன். அவன் பெட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான்.

நள்ளிரவு வரை இருவரும் அமர்ந்து வேலை செய்தோம். பழைய தந்தித்துண்டின்மேல் மென்மையான அரத்தாளைச் சுற்றி, வெட்டின் பக்கங்களை மட்டும் தேய்த்தோம். ஆழப்படுத்தினாற் தந்தி முதல் மெட்டிலே பட்டு இரையும். ஆகையால் நாலு தேய்ப்புக்கு ஒருமுறை தந்தியை வைத்துப் பார்த்தோம். பின்பு வெட்டினுள்ளே பென்சிலாற் தேய்த்துக் கரியை நிரப்பினோம். பென்சிற்கரி உராய்வைக் குறைக்குமென்பதை நான் வகுப்பிற் சொல்லாத ஆண்டில்லை. செய்து பார்த்தது அன்றுதான்.

மூன்றாந் தந்தி திருந்திற்று. ஆனால் இப்போது கோலை விட்டபின் ஆறும் ஒருங்கே சிறிது இறங்கி நின்றன. தந்தியொன்று மட்டும் ஏறினால் வெட்டிலே குற்றம்; எல்லாம் சேர்ந்து இறங்கினாற் குதிரையிலே பார்க்கவேண்டும். இதனைக் கண்டவன் மகன், நானல்லன். குதிரையைத் தாங்கும் திருகாணிகள் ஆறும் தகட்டை அமுக்கிப் பிடித்திருந்தன. தந்திகளைத் தளர்த்தி, நடுவிலுள்ள நான்கையும் சற்றே உயர்த்தி, ஓரத்து இரண்டின்மீது மட்டும் குதிரை சாயவிட்டோம். திருப்புளி அவன் கையில். விளக்குப் பிடித்தவன் நான்.

மறுநாள் மாலை அவன் கோலை அழுத்திவிட்டுக் கையெடுத்தான். மனைவி அடுக்களையிலிருந்தே, "சரி" என்றாள்.

கழற்றிய பழைய முறுக்காணிகள் ஆறும் யாதொரு பழுதுமின்றி என் மேசை இழுப்பறையிற் கிடக்கின்றன. மழைக்காலத்தில் மூன்றாந் தந்தி இன்னும் சில வேளை முரண்டு பிடிப்பதுண்டு. வரைபடம் கீற நான் வைத்திருந்த நல்ல பென்சில்களில் இரண்டைக் காணவில்லை. நான் கேட்கவுமில்லை.